ஸ்காட்லாந்தின் மலைக்கிராமங்களில் குளிர்காலம் எப்படிக் கழிகிறது?

பனி மூடிய மலை, புகை எழும் கல்வீடு, வெண்போர்வைக்குள் அசையாமல் நிற்கும் ஆடுகள் என்று நாட்காட்டிகளில் வரும் படங்களைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஸ்காட்லாந்தின் கிராமப்புறம் நவம்பர் முதல் மார்ச் வரை உண்மையிலேயே இப்படித்தான் கிடக்குமா, அங்குள்ள மனிதர்களும் விலங்குகளும் அந்த மாதங்களை எப்படித் தள்ளுகிறார்கள்? ஸ்பே ஆற்றின் மேற்பள்ளத்தாக்கில், கேர்ன்கார்ம் மலைகளின் அடிவாரத்தில் சில குளிர்காலங்களைக் கழித்தவன் என்ற முறையில் அந்த வட்டாரத்தை வைத்தே பதில் சொல்கிறேன். மழை ஓயாத மேற்குக் கரைக்கும் வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுகளுக்கும் நான் சொல்வதில் பாதிதான் பொருந்தும்.

முதலில் சொல்ல வேண்டியது, அங்கே குளிர்காலத்தை நடத்துவது பனி அல்ல, வெளிச்சம் என்பதுதான். எடின்பரோ நகரமே ஏறத்தாழ மாஸ்கோவின் அட்சரேகையில் இருக்கிறது. ஸ்பே பள்ளத்தாக்கு அதற்கும் வடக்கே, 57 டிகிரியில் கிடக்கிறது. டிசம்பர் 21ஆம் தேதியை ஒட்டிய நாட்களில் சூரியன் காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பு எழுந்து மாலை மூன்றரைக்கெல்லாம் இறங்கிவிடும். உச்சிவேளையிலும் அது அடிவானத்திலிருந்து பத்து டிகிரி உயரத்தைத் தொடுவதில்லை. நண்பகலில் நம் நிழல் காலடியில் விழுந்து பழகியவர்களுக்கு, பகல் பன்னிரண்டு மணிக்குத் தம் நிழல் பனைமரம்போல் நீண்டு கிடப்பதைப் பார்க்கும்போது நாள் தொடங்கவே இல்லையோ என்று தோன்றும். தெற்கே மலை மறைத்து நிற்கும் சில வீடுகளின் முற்றத்தில் வாரக்கணக்கில் வெயிலே விழாது. அக்டோபர் முதல் மார்ச் வரை தோலில் வைட்டமின் டி உண்டாகும் அளவுக்கு வெயிலுக்கு வலு கிடையாது என்பதால், அந்த மாதங்களில் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் மாத்திரை எடுத்துக்கொள்ளுமாறு அரசு மருத்துவத் துறையே பொதுவாக அறிவுறுத்துகிறது.

இந்த வெளிச்சம் ஒரு காலத்தில் அரசியல் விவகாரமாகவும் இருந்தது. 1968 முதல் 1971 வரை பிரிட்டன் முழுவதும் கோடைக்கால நேரத்தையே ஆண்டு முழுவதும் வைத்துக்கொண்டு, அதாவது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியே வைத்துக்கொண்டு, சோதித்துப் பார்த்தார்கள். லண்டன்வாசிகளுக்கு மாலை வெளிச்சம் கூடியது. வட ஸ்காட்லாந்திலோ காலை பத்து மணிவரை விடியவில்லை. பள்ளிக்குழந்தைகள் இருட்டில் நடந்தார்கள், பால்காரரும் தபால்காரரும் மாடு கறப்பவரும் அரை நாள் வேலையை விளக்கொளியில் முடித்தார்கள். எதிர்ப்பு வலுத்ததால் அந்தச் சோதனை கைவிடப்பட்டது. இன்றைக்கும் யாராவது அதை மறுபடி கொண்டுவரலாம் என்று வாய் திறந்தால், முதல் மறுப்பு இந்தப் பக்கத்திலிருந்துதான் கேட்கும்.

குளிர் எப்படி என்றால், ஊர் அமைந்திருக்கும் வடக்கோட்டை வைத்து எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டமும் அதன்மேல் வீசிவரும் தென்மேற்குக் காற்றும் நாட்டை உறையவிடாமல் காப்பாற்றுகின்றன. ஆனால் காற்று ஓய்ந்து வானம் தெளிந்து தரையில் பனியும் கிடந்தால், கனத்த குளிர்காற்று மலைச்சரிவுகளில் வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் குளம்போல் தேங்கிவிடும். இப்படிப்பட்ட குழியில் இருக்கும் பிரேமார் கிராமத்தில்தான் பிரிட்டனின் மிகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 27.2 டிகிரி 1895 பிப்ரவரியிலும் 1982 ஜனவரியிலும் பதிவானது. வடக்கே ஆல்ட்னஹாராவில் 1995 டிசம்பர் 30 அன்று அதே அளவு மறுபடி பதிவானது. இவை அபூர்வங்கள். வழக்கமான ஜனவரி நாள் என்பது மூன்று நான்கு டிகிரி வெப்பம், தாழ்ந்த சாம்பல் நிற மேகம், மழையா பனியா என்று முடிவு செய்யாத ஒரு தூறல், இவ்வளவுதான். இந்த நாளுக்கு ஸ்காட்ஸ் மொழியில் ‘ட்ரீக்’ என்று ஒரு சொல் உண்டு. கடைசி எழுத்தைத் தொண்டையில் உரசிச் சொல்ல வேண்டும், சொன்னாலே சலிப்பு புரியும். உடம்பைத் துளைக்கும் காற்றுக்கு ‘ஸ்னெல்’, முகத்தில் நூலாய் இறங்கும் மழைக்கு ‘ஸ்மிர்’. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஸ்காட்ஸ் சொற்தொகுதிக்காரர்கள் 2015இல் பனி தொடர்பாக மட்டும் 421 சொற்களைத் திரட்டியதாக அறிவித்தார்கள். பனி எப்போதும் இருக்கும் ஊருக்கு இத்தனை சொற்கள் வேண்டியிருக்காது என்பது என் எண்ணம். வருவதும் கரைவதும் மறுபடி உறைவதுமாக ஒரே வாரத்தில் நான்கு வேஷம் போடுவதால்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் தேவைப்படுகிறது. காலில் அடிபடுவதும் பனி பெய்யும் நாளில் அல்ல, பகலில் கரைந்து இரவில் கண்ணாடியாய் இறுகிய மறுநாள் காலையில்தான்.

வெளிச்சம்தான் தலைமை என்று சொன்னதற்கு மலைமுயலைவிட நல்ல சாட்சி கிடையாது. கோடையில் பழுப்பாக இருக்கும் இந்த முயல் இலையுதிர்காலத்தில் மயிர் உதிர்த்து வெள்ளையாக மாறுகிறது. மலையுச்சிகளில் வாழும் டார்மிகன் என்ற கவுதாரி இனப் பறவையும் அப்படியே; அதற்குக் கால்விரல்வரை இறகு முளைத்திருப்பதால் பனியில் செருப்புப் போட்டது போல நடக்கும். கீரியைப்போல் நீண்ட உடல்கொண்ட ஸ்டோட்டும் வெளுத்துவிடும், வால்நுனி மட்டும் கறுப்பாகவே நிற்கும். இவை நிறம் மாறத் தொடங்குவதற்கான சமிக்ஞையைக் கொடுப்பது பனி அல்ல, பகல் சுருங்குவதுதான். ஆகவே பனி வராத ஆண்டிலும் முயல் குறித்த நாளில் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பழுப்பு நிற ஹெதர் புதர்களுக்கிடையே, கரும்பலகையில் சுண்ணாம்புப் புள்ளி வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கும். மேலே வட்டமிடும் பொன்னிறக் கழுகுக்கு அது போதும். 1950களோடு ஒப்பிட்டால், முயலின் நிறமும் நிலத்தின் நிறமும் பொருந்தாத நாட்கள் ஆண்டுக்கு ஒரு மாதத்துக்கும் மேல் கூடிவிட்டன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 2021 மார்ச் முதல் உரிமமின்றி இந்த முயலை வேட்டையாடுவதற்குத் தடை உண்டு. கழுகுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

அதே வெளிச்சக் கணக்கில்தான் ஆட்டுக்காரரின் ஆண்டும் ஓடுகிறது, இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மலைமேய்ச்சலுக்கு உரியவை பெரும்பாலும் பிளாக்ஃபேஸ் எனப்படும் கருமுகச் செம்மறிகள். தரையைத் தொடும் முரட்டுக் கம்பளி, சுருண்ட கொம்பு, எதையும் தின்னும் வயிறு. பகல் குறையக் குறையத்தான் பெட்டை ஆடுகளுக்குப் பருவம் வரும். புல் தழைக்கும் நாளைப் பின்னோக்கி எண்ணி, நவம்பர் இருபது வாக்கில் கிடாய்களை மந்தைக்குள் விடுவார்கள். சினைக்காலம் ஏறத்தாழ 147 நாள் என்பதால் குட்டிகள் ஏப்ரல் நடுவில் விழும்; அதற்கு முன்பு விழுந்தால் தாய்க்குப் பாலூற மலையில் பசும்புல் இருக்காது. கிடாயின் மார்பில் வார் கட்டி அதில் சாயக்கட்டி ஒன்றைப் பொருத்துவது வழக்கம். சேர்ந்த ஆட்டின் முதுகில் சாயம் ஒட்டிக்கொள்ளும். பெட்டைக்குப் பதினேழு நாளுக்கு ஒருமுறை பருவம் திரும்புவதால், அந்த இடைவெளியில் சாயத்தின் நிறத்தை மாற்றுவார்கள். முதல் நிறம் மட்டும் இருந்தால் முன்னதாக ஈனும். இரண்டாம் நிறமும் ஏறியிருந்தால் முதல்முறை சினை தங்கவில்லை என்று பொருள். தூரத்து மலைச்சரிவில் நீலமும் சிவப்புமாய் முதுகு பூசிய ஆடுகளைப் பார்த்து, ஏதோ திருவிழாவுக்கு அலங்கரித்திருக்கிறார்கள் என்று நான் முதல் ஆண்டு நினைத்துக்கொண்டது உண்டு.

இந்த ஆடுகளுக்கு வேலி தேவையில்லை. எந்தச் சரிவு தன் மந்தையுடையது, காற்று எந்தப் பக்கம் திரும்பினால் எந்தப் பாறைக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும் என்பதைத் தாயிடமிருந்து குட்டி கற்றுக்கொள்கிறது. அந்த அறிவை விலைக்கு வாங்க முடியாது என்பதால், மேய்ச்சல் நிலம் கைமாறும்போது மந்தையும் நிலத்தோடு சேர்ந்தே கைமாறுவது வழக்கம். ஜனவரி பிப்ரவரியில் ஸ்கேன் கருவியோடு ஒருவர் வந்து ஆடுகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, கருவில் ஒன்றா இரண்டா என்று எண்ணிக் குறியிட்டுச் செல்வார். இரட்டைக் குட்டி சுமப்பவற்றுக்கு அடிவார வயலும் தீவனமும். ஒற்றைக்குட்டிக்காரி மறுபடி மலைக்கு. மாடுகளுக்குச் சைலேஜ், அதாவது நம் கால்நடைத் துறையினர் ஊறுகாய்ப்புல் என்று சொல்லும் பதப்படுத்திய பசுந்தீவனம், கறுப்பு நெகிழித்தாளில் சுற்றிய உருளைகளாய் ஒவ்வொரு பண்ணையிலும் அடுக்கியிருக்கும். ஸ்பே வட்டாரம் விஸ்கி வடிசாலைகளுக்குப் பேர்போனதாகையால், சாறிறக்கிய வாற்கோதுமைச் சக்கையும் மாட்டுத் தொட்டிக்கு வந்து சேரும்.

பனிப்புயலில் ஆடுகள் சாவது குளிரால் அல்ல என்பது வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். காற்றுக்கு மறைவாக அவை கல்சுவரின் பின்னே ஒண்டும். காற்று தன் சுமையை இறக்கிவைப்பதும் சரியாக அந்த மறைவில்தான். சில மணி நேரத்தில் மந்தை மூடுண்டுபோகும். மூச்சுக்காற்றின் சூட்டில் மேலே ஒரு சிறு துளை உண்டாகியிருந்தால் பல நாள்கூட உயிரோடு கிடக்கும். நாய் மோப்பம் பிடித்து நிற்கும் இடத்தில் நீண்ட கழியைச் செருகிப் பார்த்து, மெத்தென்று தட்டுப்பட்டால் தோண்டுவார்கள். பழங்காலத்து மேய்ப்பர்கள் வட்டமான கல்தொழுவங்களைக் கட்டி வைத்ததற்கும் காரணம் இதுதான்: வட்டச்சுவரைச் சுற்றிக் காற்று பிரிந்து ஓடுவதால் பனி வெளியே குவியும், உள்ளே அவ்வளவாகச் சேராது. கூரையில்லாத அந்த வட்டங்கள் இன்னும் மலைச்சரிவுகளில் கிடக்கின்றன.

செம்மான்களின் நிலை வேறு. கோடையில் உச்சிகளில் திரிந்தவை குளிரில் கூட்டமாகப் பள்ளத்தாக்குக்கு இறங்கி வரும். இரவில் கார் ஓட்டுகிறவர்கள் சாலையோரக் கண்களின் மினுக்கத்தைக் கவனிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். ஓநாய் அற்றுப்போன நாட்டில் மான்களைத் தின்ன எதுவும் இல்லாததால், அவற்றின் எண்ணிக்கையைக் குறைக்கும் வேலை துப்பாக்கியிடம் வந்துவிட்டது. அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை பெண்மான் சுடும் பருவம். எஸ்டேட் வேட்டைக்காரர்களுக்கு அது கேளிக்கை அல்ல, ஆறரை மணி நேர வெளிச்சத்துக்குள் ஈர ஹெதரில் ஊர்ந்து சென்று முடிக்க வேண்டிய கூலிவேலை. எஞ்சும் மான்களில் கிழடும் குட்டியும் மடிவது கடும்பனியின் ஜனவரியில் அல்ல. உடம்பில் சேர்த்த கொழுப்பெல்லாம் தீர்ந்து, புதுப்புல்லும் முளைக்காத மார்ச் ஏப்ரலில்தான் பிணங்கள் கிடக்கும்.

காட்டுக்குள் போனால் இத்தனை துயரம் தெரியாது. ஆபர்நெதியிலும் ரோத்திமர்க்கஸிலும் எஞ்சியிருக்கும் பழைய பைன் காடுகள் குளிரிலும் பச்சையாகவே நிற்கின்றன. செவ்வணில் உறங்காமல் பைன் காய்களைக் கொறித்துத் தண்டை மட்டும் அடிமரத்தில் குவித்து வைக்கிறது. கொண்டைச் சிட்டு, பிரிட்டனில் இந்த வடநாட்டுக் காடுகளில் மட்டுமே வாழ்வது, பட்டை இடுக்குகளில் ஒளித்துவைத்த உணவைத் தேடி எடுக்கிறது. வான்கோழி அளவுள்ள காப்பர்கெய்லி குளிர்காலம் முழுவதும் பைன் ஊசியிலையைத் தின்றே ஒப்பேற்றும். 2021–22 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 532 பறவைகளே இருப்பதாக மதிப்பிட்டார்கள். அலகு கத்திரிபோல் குறுக்கே பின்னிய குறுக்கலகுப் பறவையோ, பைன் விதை பழுக்கும் காலத்தை ஒட்டிப் பனி இருக்கும்போதே கூடு கட்டி முட்டையிட்டுவிடும். கிங்யூசிக்குப் பக்கத்தில் ஆறு பெருகிப் பரவும் இன்ஷ் சதுப்புக்கு ஐஸ்லாந்திலிருந்து ஊப்பர் அன்னங்கள் வந்து தங்குகின்றன. நமக்கு நடுங்கும் ஊர் அவற்றுக்குக் கதகதப்பான தெற்கு. ஆற்றின் அடியிலும் சும்மா இல்லை: நவம்பர் டிசம்பரில் பெண் சால்மன்கள் வாலால் கூழாங்கல்லைக் கிளறிப் பள்ளம் பறித்து முட்டையிட்டு மூடுகின்றன, குஞ்சுகள் வசந்தத்தில்தான் வெளிவரும்.

வீட்டுக்குள் வருவோம். இக்கிராமங்கள் பலவற்றுக்கு எரிவாயுக் குழாய் கிடையாது. தோட்டத்து மூலையில் ஒரு தொட்டியில் மண்ணெண்ணெய் நிரப்பி, அதை எரித்து வெந்நீரைச் சுவர்க் குழாய்களில் ஓடவிட்டு வீட்டைச் சூடாக்குகிறார்கள். லாரி மேடேற முடியாத நாள் வருமென்பதால் அக்டோபரிலேயே தொட்டியை நிரப்பிவிட வேண்டும். கூடவே இரும்பு அடுப்பும் விறகும். இங்கே பிர்ச் விறகு அதிகம். வெட்டிப் பிளந்து ஓராண்டுக்கு மேல் காற்றாட அடுக்கி, ஈரம் இருபது விழுக்காட்டுக்குக் கீழே வந்த பிறகே அடுப்பில் போடுவார்கள். ஈரவிறகு புகையைத்தான் தரும், அதோடு புகைக்கூண்டில் தார் படியவைத்துத் தீயும் பிடிக்க வைக்கும். ஒரு வீட்டின் விறகடுக்கைப் பார்த்தே வீட்டுக்காரரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்பது அங்கே பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் சொல்லப்படுவது. பரணில் ஓடும் தண்ணீர்க் குழாய்க்குச் சரியாக உறை சுற்றாமல் விட்டு, அது உறைந்து வெடித்து, கூரையிலிருந்து அருவி கொட்டிய பிறகு நானும் இந்தக் குணபரீட்சையில் தேறாதவன் என்று ஊருக்குத் தெரிந்துபோயிற்று.

பயப்பட வேண்டியது பனிக்கு அல்ல, காற்றுக்குத்தான். கேர்ன்கார்ம் உச்சியில் 1986 மார்ச் 20 அன்று மணிக்கு 173 மைல் வேகத்தில் காற்று அடித்தது பதிவாகியிருக்கிறது. 2021 நவம்பர் 26 அன்று வந்த ஆர்வென் புயல், வழக்கமான தென்மேற்கை விட்டு வடகிழக்கிலிருந்து அடித்தது. ஆயுள் முழுவதும் தென்மேற்குக் காற்றுக்கு ஏற்ப வேர்விட்டிருந்த மரங்கள் அந்தத் தாக்குதலுக்குத் தயாராக இல்லை, லட்சக்கணக்கில் சாய்ந்தன. அபர்தீன் வட்டாரத்தில் சில வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரம் வரவில்லை. மின்சாரம் போனால் எண்ணெய்க் கொதிகலனும் ஓடாது, கைப்பேசிக் கோபுரமும் அடங்கிவிடும். அப்போது விறகடுப்பு உள்ள வீடுதான் தெருவுக்கே சமையலறை. சாலைகளில் உப்பும் மணலும் தூவும் வண்டிகளுக்கு ‘சர் ஆண்டி ஃப்ளரி’ என்பதுபோல் வேடிக்கைப் பெயர்கள் சூட்டியிருப்பார்கள். எந்த வண்டி எங்கே போகிறது என்று வரைபடத்தில் பார்ப்பது குழந்தைகளுக்கு ஒரு பொழுதுபோக்கு. க்ளென்ஷீ வழியாக 670 மீட்டர் உயரத்தில் கடக்கும் சாலையிலும், காக் பிரிட்ஜிலிருந்து டோமின்டவுல் போகும் சாலையிலும் ரயில்வே கேட் போன்ற தடுப்புகள் நிரந்தரமாக நிற்கின்றன. பனி கூடினால் அவற்றை இழுத்துப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அப்பால் வேலை இருக்கிறது என்று வாதாட ஆள் இருக்காது.

சாப்பாடு எளிமையானது. உப்புப் போட்ட ஓட்ஸ் கஞ்சி காலையில். வாற்கோதுமை, கேரட், ஆட்டிறைச்சி சேர்த்த குழைந்த சூப்பு மதியம். புகையிட்ட ஹாடக் மீனைப் பாலிலும் உருளைக்கிழங்கிலும் வேகவைத்த கல்லன் ஸ்கின்க் கிடைத்தால் அன்று விருந்து.

பண்டிகைகளும் இருட்டின் அடியில்தான் குவிந்திருக்கின்றன. கிறிஸ்துமஸ் ஸ்காட்லாந்தில் பொதுவிடுமுறையானது 1958இல்தான். சீர்திருத்தத் திருச்சபை அதை நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்தது. பெரிய நாள் ஹாக்மனே, அதாவது ஆண்டின் கடைசி இரவு. நள்ளிரவுக்குப் பின் வாசற்படியை முதலில் மிதிப்பவர் கறுத்த முடியுள்ள ஆணாக இருந்து, கையில் நிலக்கரித் துண்டும் விஸ்கியும் கொண்டுவந்தால் ஆண்டு முழுவதும் வீடு செழிக்கும் என்பது நம்பிக்கை. பொன்னிற முடியோடு வாசலில் நின்றவர்கள் முன்னொரு காலத்தில் வைகிங் கொள்ளைக்காரர்களாக இருந்ததால் இப்படி என்று ஊரார் விளக்கம் சொல்வார்கள். என் தலைமுடியின் நிறத்துக்கு அந்த ஓர் இரவு மட்டும் எங்கள் தெருவில் ஏகப்பட்ட கிராக்கி இருந்தது. வடக்கே கடற்கரை ஊரான பர்க்ஹெட்டில் ஜனவரி 11 அன்று தார் ஊற்றிய பீப்பாயைக் கொளுத்தித் தோளில் சுமந்து ஊர்வலம் வருகிறார்கள். 1752இல் நாட்காட்டி மாறி பதினொரு நாள் மறைந்துபோனதை அந்த ஊர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, பழைய புத்தாண்டையே கொண்டாடுகிறது. ஜனவரி 25 கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாள். ஆட்டின் ஈரலையும் இதயத்தையும் ஓட்ஸோடு கலந்து வேகவைத்த ஹாகிஸும் மசித்த கிழங்குகளும் மேசைக்கு வரும்.

பழைய குளிர்காலம் இப்போது இல்லை என்று முதியவர்கள் சொல்வது வெறும் ஏக்கம் அல்ல. ஏரி தடித்து உறைந்தால் நாடெங்கிலும் இருந்து ஆட்டக்காரர்கள் கூடிக் கிரானைட் கற்களைப் பனிக்கட்டிமேல் தள்ளி விளையாடும் மாபெரும் திறந்தவெளிக் கர்லிங் போட்டி கடைசியாக நடந்தது 1979 பிப்ரவரியில், மென்டீத் ஏரியில். அதற்குப் பிறகு அவ்வளவு பேரைத் தாங்கும் கட்டி வாய்க்கவில்லை. பிரேரியாக் மலையின் நிழற்குழியில் ‘ஸ்பிங்க்ஸ்’ என்று பெயரிட்ட ஒரு பனித்திட்டு உண்டு. கோடையிலும் கரையாமல் அடுத்த பனிக்குக் காத்திருக்கும். இருபதாம் நூற்றாண்டு முழுவதிலும் 1933, 1959, 1996 என்று மூன்றே முறை அது முற்றாக மறைந்தது. இந்த நூற்றாண்டில் 2003, 2006, 2017, 2018, 2021, 2022 என்று பட்டியல் நீள்கிறது.

பிப்ரவரி பிறந்ததும் பகல் நாளுக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் நீளத் தொடங்கும். 11ஆம் தேதி ஸ்பேயில் சால்மன் தூண்டில் பருவம் திறக்கும். கரையில் பனி கிடந்தாலும் இடுப்பளவு நீரில் இறங்கி நிற்பவர்கள் உண்டு. கடலோரத்தில் குளிரைக் கழித்த சிப்பிபிடிப்பான் பறவைகள் ஆற்றின் கூழாங்கல் திட்டுகளுக்குத் திரும்பி இரவிலும் கீச்சிடும். அவற்றை அடுத்து லாப்விங் வரும், நம் ஆள்காட்டிக் குருவியின் உறவு. வடகிழக்குப் பேச்சில் அதற்கு ‘டியூகிட்’ என்று பெயர். அது வந்துசேரும் மார்ச்சில் மறுபடி ஒரு பனிப்புயல் தவறாமல் அடிக்கும் என்று எதிர்பார்த்து, அதற்கு ‘டியூகிட் புயல்’ என்றே பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். பகல் நீண்டுவிட்டதே என்று எண்ணி வைக்கோலைத் தாராளமாக இறைத்துத் தீர்த்தவரை விட்டுவிட்டு, ஏப்ரல் குட்டிகளை எண்ணி இரண்டு வைக்கோல் கட்டுகளைக் கொட்டகையின் பின்சுவரோரம் ஒதுக்கி வைத்தவர் வீட்டுக்குத்தான் அந்த வாரம் அக்கம்பக்கத்து டிராக்டர்கள் வந்து நிற்கும்.